ஒரு கபிலக் கோட்டுக்காக எட்டு மாதம்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. தட்டில் கிடந்த மெம்பிரேனில், அதாவது புரதம் ஒட்டிய மெல்லிய தாளில், 70 கிலோடால்ட்டன் நிறையுள்ள புரதம் நிற்கும் உயரத்தில், ஒரு கபிலக் கோடு மெல்ல எழும்பியது. முதலில் ஏதோ தூசி என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் எட்டு மாதமாக முழு மெம்பிரேனில் நான் பார்த்ததெல்லாம் ஒன்றில் வெள்ளை வெளேரென்ற மெம்பிரேன், இல்லாவிட்டால் தேத்தண்ணி கொட்டினதுபோல முழுதும் கபிலம். தட்டை ஆட்டினேன், கோடு அசையவில்லை. பக்கத்து ஓடையிலும் (ஒரு மாதிரி ஓடிய நிரலை ஓடை என்போம்) அதே உயரத்தில் இன்னொன்று, அது மங்கல். கையுறையைக் கழற்றாமலே ஓடிப்போய் எங்கள் கூடத்து உதவியாளர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மறக்க முதல் எழுதி வைக்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் சின்னதொரு ஆய்வுகூடத்தில், படம் எடுக்கிற இயந்திரமும் இல்லாமல், கரண்டையும் நம்ப முடியாமல் வெஸ்டர்ன் பிளாட் செய்ய யாராவது யோசித்தால் இது உதவும். புரதங்களை ஜெல்லில் நிறைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் கோடாகத் தெரிய வைக்கும் முறைதான் அது. (1975இல் சதர்ன் என்பவர் டிஎன்ஏக்குச் செய்த முறைக்கு அவர் பெயரே நின்றுவிட, ஆர்என்ஏக்குச் செய்ததைப் பகிடியாக நோர்தர்ன் என்றார்கள், 1981இல் புரதத்துக்கு வெஸ்டர்ன் என்ற பெயர் வந்தது. வடக்கில் இருந்துகொண்டு வெஸ்டர்ன் செய்கிறாய் என்று அண்ணை எட்டு மாதமும் என்னைப் பகிடி பண்ணினார்.)

நான் தேடியது எச்எஸ்பி 70 என்ற புரதத்தை. கலங்களுக்குச் சூடு பட்டால் அது கூடும். வன்னிக் குளங்களில் சோளகக் காற்றுத் தொடங்கித் தண்ணீர் வற்றும் காலத்தில் ஓரத் தண்ணீர் நல்ல சூடாக இருக்கும், அதற்குள்ளும் திலாப்பியாக் குஞ்சுகள் சும்மா திரியும். அதுகளின் பூவில் இந்தப் புரதம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். பூ என்றால் மீனின் செவுள், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. குளத்து மீனுக்குப் போக முதல் முறையைச் சரிப்படுத்த வேண்டும், அதனால் அனுமதி எடுத்து, வளர்ப்புக்காரர் ஒருவரிடம் குஞ்சு வாங்கி இரண்டு தொட்டிகளில் விட்டேன். ஒன்று 28 பாகை. மற்றதை மீன்தொட்டி ஹீற்றரால் 37 பாகைக்குக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் வைத்து, திரும்ப 28க்கு இறக்கி இரண்டு மணித்தியாலம் விட்டேன். இந்த இரண்டு மணித்தியாலம் முக்கியம், மீன் புரதத்தைச் செய்துமுடிக்க நேரம் வேண்டும்.

பூவை அரைப்பது, பிராட்ஃபோர்ட் முறையில் 595 நானோமீற்றரில் அளப்பது, 95 பாகையில் ஐந்து நிமிடம் அவிப்பது, 10 வீத ஜெல்லில் ஓடைக்கு 25 மைக்ரோகிராம் ஏற்றி ஓடவிடுவது, இதெல்லாம் பெரிய தொல்லை தரவில்லை. பூவில் உள்ள வழுவழுப்பை மட்டும் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஜெல்லில் இழுபட்டுக் கோடு கலங்கும். ஜெல்லில் இருந்து நைட்ரோசெலுலோஸ் மெம்பிரேனுக்கு மாற்றுவது 100 வோல்ற்றில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் கூடத்து வெக்கைக்கு ஐஸ் இரண்டு தரம் மாற்ற வேண்டி வந்தது. மாற்றி முடிந்ததும் பொன்சோ சாயம் பூசிப் பார்த்தால் சிவப்புக் கோடுகள் ஏணிபோல வரிசையாக வந்து நின்றன. புரதம் மெம்பிரேனில் இருக்கிறது, இனி அன்ரிபொடி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிறபொருளெதிரி, கூடத்தில் எல்லாருக்கும் அன்ரிபொடி. இரண்டு வேண்டும். பிரைமரி நாங்கள் தேடும் புரதத்தைப் போய்ப் பிடிக்கும். செக்கண்டரி அந்தப் பிரைமரியைப் பிடிக்கும், அதன் வாலில் எச்ஆர்பி என்ற நொதியம் கட்டியிருக்கும், டிஏபி என்ற பொருளையும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெரொக்சைட்டையும் ஊற்றினால் நொதியம் இருக்கும் இடத்தில் கபிலம் படியும். என் பிரைமரி எலியில் செய்தது, ஆகவே செக்கண்டரி எலிக்கு எதிராக ஆட்டில் செய்தது. வாங்கும்போது இந்தச் சோடி பொருந்துகிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். அந்த ஒரு பிழையை மட்டும் நான் விடவில்லை.

பிரைமரியின் விலையைச் சொல்லத்தான் வேண்டும். 100 மைக்ரோலீற்றர், தண்ணீர்த்துளி இரண்டு அளவுதான், கொண்டுவந்த கூலியும் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினையாயிரம் ரூபா. கொழும்பில் இருந்து பெட்டி வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்த ஐஸ் பொதிகள் உருகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. இதை ஞாபகம் வைத்திருங்கள், நான் அடுத்து மாதக்கணக்கில் பிழைவிட்டதற்கு இந்த வெதுவெதுப்புத்தான் காரணம்.

முதல் மெம்பிரேன். பிரைமரி 1க்கு 1000, பத்து மில்லிலீற்றரில் 10 மைக்ரோலீற்றர். டிஏபி ஊற்றிப் பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் இல்லை. வெள்ளை.

உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: வழியில் சூடுபட்டு அன்ரிபொடி செத்துப்போச்சு. முழுக்கச் சாகாமல் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்று இரண்டாம் முறை 1க்கு 200 போட்டேன். கணக்குப் பாருங்கள், பத்து மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோலீற்றர், பாதிக் குப்பி, ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா, ஒரே இரவில். அடுத்தநாள் மெம்பிரேன் பால்போல வெள்ளையாகவே கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் முறைக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியிடம் அக்ரினுக்கு எதிரான அன்ரிபொடி ஐந்து மைக்ரோலீற்றர் கெஞ்சி வாங்கினேன். அதுவும் எலியில் செய்தது. அக்ரின் எல்லாக் கலத்திலும் நிறைய இருக்கும், 42 கிலோடால்ட்டனில் கோடு வராமல் இருக்கவே முடியாது, அவளுடைய கூடத்தில் போன கிழமைகூட வேலை செய்தது. ஐஸ் போட்ட தேர்மஸ் போத்தலில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்தேன். அதுவும் வெள்ளை.

இரண்டு அன்ரிபொடியும் எப்படிச் சாகும்? இந்தக் கேள்வியை அன்றைக்கே நேராகக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சம். நானோ ஜெல்லைச் சந்தேகப்பட்டேன், பிறகு மெம்பிரேனைச் சந்தேகப்பட்டேன், மீனுக்கும் எலிக்கும் ஒத்துவராது என்று மூன்று நாள் புரத வரிசைகளை ஒப்பிட்டேன் (எச்எஸ்பி 70 மீனில் இருந்து மனிதர் வரை பெரிதாக மாறாத புரதம், அக்ரினும் அப்படித்தான், அந்த ஒப்பீடு தேவையே இல்லை), இன்னும் மூன்று அக்ரின் மெம்பிரேனைப் பாழாக்கினேன்.

கண்டுபிடித்தது அண்ணை. அவர் எங்கள் கூடத்துத் தொழில்நுட்ப உதவியாளர், அன்ரிபொடி பற்றி ஒன்றும் படிக்காதவர், போத்தல் கழுவுவதில் இருந்து ஜெனரேற்றர் திருத்துவது வரை செய்கிறவர். ஒருநாள் ராக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர் கேட்டார்:

"பிள்ளை, இஞ்ச இருக்கிற எல்லாக் கரைசலுக்குள்ளயும் பஞ்சு கட்டி மிதக்குது. உன்ர போத்தல் மட்டும் என்னெண்டு மூண்டு மாசமாப் பளிச்செண்டு இருக்கு? என்ன போட்டனி?"

அஸைட் போட்டிருந்தேன்.

விசயம் இதுதான். கழுவுவதற்கும், மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடும் பால்மாவைக் கரைப்பதற்கும் டிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் வேண்டும், பத்து மடங்கு தடிப்பாகச் செய்து வைத்து வேண்டியபோது ஐதாக்குவோம். எங்கள் வெக்கைக்கு அது இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். அன்ரிபொடிக் குப்பியோடு வந்த தாளில், கெடாமல் இருக்க சோடியம் அஸைட் 0.02 வீதம் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தது. அவர்கள் போட்டால் நானும் போடலாம்தானே என்று தாய்க்கரைசலில் 0.2 வீதம் போட்டேன், பத்து மடங்கு ஐதாக்கும்போது சரியாக 0.02 வரும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டது இன்னும் ஞாபகம். அந்தத் தாய்க்கரைசலில் இருந்துதான் பால், கழுவும் நீர், கடைசியில் டிஏபி கரைத்த நீர்கூட. அஸைட் பூஞ்சணத்தைக் கொல்லும். எச்ஆர்பியையும் கொல்லும், பெரொக்சைட் பக்கத்தில் இருந்தால் திரும்ப எழும்பாத மாதிரிக் கொல்லும். பிரைமரிக் குப்பிக்குள் இருக்கும் அஸைட் ஆயிரம் மடங்கு ஐதாகிப் பிறகு கழுவுப்பட்டும் போய்விடும், அதால் தீங்கில்லை. நான் செய்தது நொதியத்தை நஞ்சுத் தண்ணீரில் குளிப்பாட்டி நஞ்சுத் தண்ணீரிலேயே வேலை செய் என்று சொன்னது.

உறுதிப்படுத்த எடுத்தது ஐந்து நிமிடம். இரண்டு சின்ன ரியூப், இரண்டிலும் டிஏபிக் கரைசல் ஒவ்வொரு மில்லிலீற்றர், ஒன்று என் பழைய போத்தலில் கரைத்தது, மற்றது அன்றைக்குப் புதிதாகச் செய்த டிபிஎஸ்ஸில் கரைத்தது. இரண்டுக்கும் செக்கண்டரி ஒரு மைக்ரோலீற்றர். புதியது ஒரு நிமிடத்துக்குள் கோப்பி நிறம். பழையது பத்து நிமிடத்துக்குப் பிறகும் தெளிந்த தண்ணீர். இரண்டு ரியூப்பையும் படம் எடுத்து எங்கள் பொறுப்பு மிஸ்ஸுக்கு அனுப்பினேன். "எவ்வளவு பிரைமரி மிச்சம்?" என்று மட்டும் பதில் வந்தது. நாற்பது மைக்ரோலீற்றர்.

அந்தப் போத்தலைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அஸைட் ஆளுக்கும் நஞ்சு, அமிலம் பட்டால் நச்சு வாயு வரும், செப்புக் குழாய் ஈயக் குழாயில் படிந்தால் வெடிக்கக்கூடிய உப்பாகும். நாங்கள் தனிக் கானில் மூடி, பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, நொதியம் உயிர்த்துவிட்டது. புது டிபிஎஸ், புதுப் பால், பிரைமரி 1க்கு 1000. டிபிஎஸ்ஸில் ட்வீன் 20 என்ற சவர்க்காரம் போன்ற பொருள், 0.1 வீதம். டிபிஎஸ்ஸை இப்போது கிழமைக்கு ஒருமுறை அரை லீற்றர்தான் செய்வது, பூஞ்சணம் பிடித்தால் பிடிக்கட்டும். டிஏபி ஊற்றினேன், இரண்டே நிமிடத்தில் மெம்பிரேன் முழுக்கக் கபிலம். கோடு இருந்திருக்கலாம், தெரியவில்லை. இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோசம்தான், வெள்ளைக்கு இது எவ்வளவோ மேல்.

மூன்று விசயம் சேர்ந்து பிழைத்திருந்தது. ஒன்று, கடையில் வாங்கிய பால்மா, கொழுப்பு எடுக்காதது. மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடக் கொழுப்பு நீக்கிய பால்மாதான் 5 வீதம் வேண்டும், அது கிளிநொச்சி டவுனில் நாலு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. இரண்டு, செய்முறைத் தாளில் உள்ள 'அறை வெப்பநிலை'. அந்தத் தாளை எழுதினவரின் அறை இருபது, இருபத்திரண்டு பாகை. எங்கள் அறையில் அன்றைக்கு மத்தியானம் 33. அந்தச் சூட்டில் பால் ஒரு பக்கம் புளிக்கத் தொடங்கும், அன்ரிபொடி கண்ட இடமெல்லாம் ஒட்டும். மூன்று, செக்கண்டரி மிக அதிகம், 1க்கு 1000 போட்டிருந்தேன்.

மூன்றாவதை எப்படித் தெரிந்தது என்றால், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு முழு மெம்பிரேனில் இறங்காமல் கீலம் கீலமாக வெட்டினேன். ஜெல் முழுக்க ஒரே மாதிரியை, சூடுபட்ட மீனின் பூவை, ஏற்றி மாற்றிய மெம்பிரேன். அரை சென்றிமீற்றர் அகலத்தில் ஐந்து கீலம், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிலீற்றரில். நாலுக்கு பிரைமரி 500, 1000, 2000, 5000 மடங்கு ஐதாக. ஐந்தாவதுக்குப் பிரைமரியே இல்லை, செக்கண்டரி மட்டும். அந்த ஐந்தாவது கீலமும் கபிலமாக வந்தது. பிரைமரி தொடாத இடம் கபிலமானால் குற்றம் பிரைமரியில் இல்லை. செக்கண்டரியை 1க்கு 5000 ஆக்கியதும் ஐந்தாவது வெள்ளையாகியது, 2000 கீலத்தில் ஒரே ஒரு கோடு, 500இல் கோட்டைச் சுற்றி அழுக்கு, 5000இல் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு முறை செய்ததற்கும் சேர்த்துப் போன பிரைமரி 15 மைக்ரோலீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக் குப்பியை ஒரே இரவில் ஊற்றிய எனக்கு இது பெரிய சிக்கனம்.

இனி மெம்பிரேனைப் பிரைமரியில் 4 பாகையில் இரவு முழுக்க, ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். எங்கள் பிரிட்ஜுக்குள் ஆட்டும் இயந்திரம் வைக்க இடமில்லை, இரவில் கரண்ட் போனால் பிரிட்ஜும் இல்லை. அதனால் ஆட்டும் ஐஸ் பெட்டி ஒன்றை நாங்களே செய்தோம், அண்ணையும் நானும், இரண்டு சனிக்கிழமை.

மீன்காரர் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று, 800 ரூபா. கழித்த போட்டோக்கொப்பி இயந்திரத்தில் இருந்து கழற்றிய கியர் மோட்டர், 12 வோல்ற், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. மோட்டரைப் பெட்டிக்கு வெளியே பூட்டினோம், உள்ளே வைத்தால் அது தன் சூட்டையும் சேர்க்கும். சைக்கிள் கம்பி ஒன்றை நெளித்து ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஐஸ்கிறீம் பெட்டி மூடியை ஊஞ்சல்போலத் தூக்கி இறக்க வைத்தோம். பழைய யூபிஎஸ் பற்றறி, 12 வோல்ற் 7 அம்பியர் மணி. மோட்டர் இழுப்பது 120 மில்லி அம்பியர், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரை அம்பியர் மணிகூட வராது, கிழட்டுப் பற்றறிக்கும் அது காணும். முதல் நாள் கம்பி வழுக்கி விழுந்து காலையில் மெம்பிரேன் ஒரு பக்கம் மட்டும் நனைந்து கிடந்தது. சைக்கிள் வால்வ் ரியூப் துண்டொன்றைச் செருகியதும் வழுக்குவது நின்றுவிட்டது. சந்தையில் ஐந்து கிலோ ஐஸ் வாங்கி அடியில் பரப்பி, மேலே தகடு. வெப்பமானி பின்னேரம் ஆறு மணிக்கு 4 பாகை, காலை எட்டு மணிக்கு 6 பாகை. அதற்கிடையில் இரண்டு தரம் கரண்ட் போனது, எங்களுக்குத் தெரியவே தெரியாது.

மெம்பிரேனைத் தட்டில் வைத்தால் பத்து மில்லிலீற்றர் இல்லாமல் மூடாது. அதற்கு ஒரு வழி, கச்சான் பக்கற் ஒட்டும் சீலர். சந்திக் கடை அக்காவிடம் ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்கினேன். மெம்பிரேனைத் தடித்த பொலித்தீன் பையில் வைத்து மூன்று பக்கம் ஒட்டி, மூன்று மில்லிலீற்றர் ஊற்றி, காற்றுக் குமிழியை அளவுகோலால் தள்ளி வெளியேற்றி, நாலாவது பக்கத்தையும் ஒட்ட வேண்டும். குமிழி நின்ற இடத்தில் வட்டமாக வெள்ளை விழும், அதை ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்க மாட்டீர்கள். 2000 மடங்கில் மூன்று மில்லிலீற்றருக்குப் போனது ஒன்றரை மைக்ரோலீற்றர், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ரூபா. "என்ன பிள்ளை பக்கற் பண்றீர், மிக்சரா?" என்று அக்கா கேட்டா. ஓம் என்றுவிட்டேன், விளங்கப்படுத்தப் போனால் கடை பூட்டும் நேரமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பையை வெட்டி, பத்து நிமிடப்படி மூன்று கழுவல். செக்கண்டரி ஒரு மணித்தியாலம், அதையும் அதே ஐஸ் பெட்டிக்குள், ஐஸைப் பாதி அள்ளி எடுத்துவிட்டு 20 பாகைக்குக் கிட்ட வர விட்டேன். திரும்ப மூன்று கழுவல். மத்தியானத்துக்குள் முடிந்திருக்க வேண்டியது, இடையில் எனக்கு வேறு வேலை வந்து பின்னேரமாகிவிட்டது, மெம்பிரேன் கடைசிக் கழுவலிலேயே கிடந்தது. டிஏபி ஐந்து மில்லிகிராம், பத்து மில்லிலீற்றரில், பாமசியில் வாங்கிய 3 வீதப் பெரொக்சைட் 100 மைக்ரோலீற்றர். டிஏபி புற்றுநோய் வருத்தலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மிச்சத்தையும் தனியாகச் சேருங்கள். மூன்றாவது நிமிடம் கோடு தெரிந்தது, ஆறாவது நிமிடம் தண்ணீரில் போட்டு நிறுத்தினேன். சூடுபட்ட மீன்கள் மூன்றிலும் தடித்த கோடு, 28 பாகையில் இருந்தவற்றில் மங்கல். சிநேகிதியின் அக்ரின் அன்ரிபொடியில் மிஞ்சிய கடைசித் துளியை, மெம்பிரேனில் வெட்டிப் பிரித்த கீழ்ப் பாதிக்குப் போட்டிருந்தேன், 42இல் ஆறு ஓடையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆகவே ஏற்றிய புரதம் சமம்.

முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஓடையில் 50 கிலோடால்ட்டன் பக்கம் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு மீனையும் கடைசியாக வெட்டினேன், பூ கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது, புரதம் அறுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மீன் வெட்ட இருவர் வேண்டும், அரைக்கும் கரைசலில், புரதம் அறுபடாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற பொருளைக் கடைசி நிமிடத்தில் சேர்க்க வேண்டும். அது தண்ணீருக்குள் வெகுநேரம் தாங்காது.

குப்பி வந்த அன்றைக்கே அதை ஐந்து மைக்ரோலீற்றர்ப் பங்குகளாகப் பிரித்திருக்க வேண்டும். நான் பிரிக்காமல் ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப வெளியே எடுத்தேன். பாதிக்குப் பாதி கிளிசரோல் இருந்ததால் மறை 20 பாகையிலும் உறையாமல் தப்பியது, அது என் கெட்டித்தனம் இல்லை. அப்புறம் ஜெல் ஓடும் முன்பே மெம்பிரேன் துண்டில் மாதிரியை ஒரு மைக்ரோலீற்றர்ப் பொட்டாக வைத்து இரண்டு அன்ரிபொடியையும் டிஏபியையும் பரீட்சித்தால் அரை நாளில் எல்லாம் தெரிந்துவிடும். செக்கண்டரியையும் டிஏபியையும் ரியூப்பில் கலந்து பார்ப்பதை இப்போது ஒவ்வொரு பிளாட்டுக்கும் முதல்நாள் செய்கிறேன். பழைய வெள்ளை மெம்பிரேன்கள் எறியாமல் கிடந்தன, இப்போது அவற்றைத்தான் பொட்டு வைக்கப் பயன்படுத்தலாமா என்று அண்ணை கேட்கிறார், அவருக்கு எதையும் எறிய மனம் வராது. முடியாது அண்ணை, பால் பூசினது என்று சொன்னேன்.

டிஏபிக் கோடு காய்ந்தாலும் போகாது. வெள்ளிக்கிழமை மெம்பிரேனை வெளிச்சம் படாமல் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். வெதுவெதுத்த பெட்டியில் வந்து செத்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொன்ன அதே பிரைமரி, இன்னும் பதின்மூன்று மைக்ரோலீற்றர் மிச்சம், எட்டுப் பிளாட்டுக்குக் காணும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டதாம், வருகிற கிழமை வள்ளக்காரரோடு பேசியிருக்கிறேன்.